சுட்ட பிறகு வந்த குரல்

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஐந்து நாளாகப் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். போலீஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்தால் கதவில் பூட்டு. அதனால் எழுதிக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

ஞாயிறு மதியம் உங்கள் இன்ஸ்பெக்டர் என் தெருவில் குழாய் ரிப்பேர்காரரைச் சுட்டுக் கொன்றபோது, வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து மழைப் பாடம் வாசித்துப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். அதில் முதலில் மூன்று வெடிச்சத்தம். அதற்குப் பிறகுதான் "கீழ போடு" என்று ஒரு குரல். பேப்பரிலோ அவர் கையில் ஆயுதம் இருந்ததாகவும், எச்சரித்த பிறகே சுட்டதாகவும் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட அறிக்கையாம்.

அவர் கையில் இருந்தது ஸ்பேனர், அண்ணா. போன மாதம் என் சமையலறைக் குழாயைச் சரிசெய்தாரே, அதே ஸ்பேனர்.

நான் என்ன செய்யட்டும்?

உன் வாலு

மார்ச் 8

வாலு,

அதை அழித்துவிடு. நெருக்கமான கட்டிடங்கள், எதிரொலியில் சத்தம் முன்னே பின்னே கேட்கும். இன்ஸ்பெக்டருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். எனக்கோ பன்னிரண்டு வருஷ சர்வீஸ். யாராவது கேட்டால் பாடம் மட்டும்தான் பதிவானது என்று சொல். எனக்காக இதுவரை நீ எதுவும் செய்ததில்லை. இதைச் செய்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

அழிக்கவில்லை. விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். எப்படியோ டிவிக்கும் போய்விட்டது. நாலு பேர் உட்கார்ந்துகொண்டு எதிரொலி என்கிறார் ஒருவர், வெட்டி ஒட்டியது என்கிறார் இன்னொருவர். பள்ளியில் என்னோடு சாப்பிடுகிறவர்கள் இடம் மாறி உட்காருகிறார்கள். மளிகைக்கடைக்காரர் மட்டும், டிவியில் கேட்டுக் கேட்டு உங்கள் மழைப் பாடம் எனக்கே மனப்பாடம் டீச்சர் என்று சிரிக்கிறார்.

செத்துப்போனவரின் மனைவி வந்தார். ஒரு தடவை கேட்கணும் என்றார். போட்டேன். முடிந்ததும், "அவர் ஒண்ணுமே பேசலையே" என்றார். எழுந்து போய்விட்டார்.

அந்தக் குரல் யாருடையது என்று அதிகாரி கேட்டதற்குத் தெரியாது என்றேன். வியாழக்கிழமை சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்பார்கள். கூடப் பிறந்தவளுக்கு உன் குரல் தெரியாதா? அன்றைக்கும் பொய் சொல்ல என்னால் ஆகாது. திட்டியாவது எழுது.

வாலு

மார்ச் 17

வாலு,

வியாழக்கிழமை உனக்கு அந்த வேலை இல்லை. இன்று காலை நானே போய்ச் சொல்லிவிட்டேன். நான் கத்தும்போது குழாய்க்காரர் விழுந்துகொண்டிருந்தார். ஏன் கத்தினேன் என்று இன்னும் தெரியவில்லை. அறிக்கையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லலாமா என யோசித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். அதையும் சொன்னேன்.

சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஸ்டேஷனில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் இங்கே வராதே.

அம்மாவிடம் நீ முந்திக்கொண்டு சொல்லாதே, நானே போகிறேன். டிவியில் அவளும் கேட்டிருப்பாள். அது என் குரல் என்று நான் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் போன் செய்து, சாப்பிட்டாயா என்கிறாள். நான் பதில் சொல்லும்வரை போனை வைக்காமல் இருக்கிறாள்.

அண்ணன்