அக்காவுக்கு ஒதுக்கிய அறை

ஜூன் 3, செவ்வாய்

மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள் இன்று கடையில் நன்றாகப் போயின. மழை வரப்போகிறது, துணியெல்லாம் பூசணம் பிடிக்கும் என்று லேசாகப் பயம் காட்டினேன். வந்தவர்கள் ஆளுக்கு இரண்டாக வாங்கிப் போனார்கள். இதில் பொய் ஒன்றுமில்லை. மழை எப்படியும் வரத்தானே போகிறது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். வருகிறாளாம்! அவள் மாடிப்படியில் விழுந்ததிலிருந்து, எங்களோடு வந்து இரு என்று நானும் கெஞ்சுகிறேன், மிரட்டுகிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்கால் இரண்டும் போய்விட்டன, தனி ஆள். படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியும் இத்தனை நாள் பிகு பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசம் வந்து இருந்து பாக்குறேன். இங்க ரூமைக் காலி பண்ணலை. சரிப்படலைன்னா திரும்பிடுவேன். இன்னொண்ணு, எனக்காக நீ ஏதாவது புதுசா வாங்கி வெச்சேன்னு தெரிஞ்சுது, வந்த வண்டியிலேயே ஏறிடுவேன்."

சொன்னால் செய்வாள். யாருக்கும் செலவு வைத்துப் பழக்கமில்லாதவள். இங்கே பிடிக்காமல் போனால் மறுபடியும் அந்தப் படிதான். அடுத்த தடவை விழுந்தால்— எழுத வேண்டாம்.

ஆக, ஊருக்கெல்லாம் டப்பா விற்கிறவள் சொந்த அக்காவுக்கு ஒரு டப்பா வாங்கி வைக்க முடியாது. இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஜூன் 4, புதன்

பின்னறைக் கதவைத் திறந்தேன். திறந்தேன் என்று எழுதுவது மரியாதைக்கு. தோளால் முட்டித் தள்ளினேன். கடையில் இடம் போதாத சரக்கு, எலக்ட்ரீஷியனான என் வீட்டுக்காரரின் ஒயர் சுருள்கள், செத்துப்போன ஃபிரிட்ஜ், ஒரு கால் விரிசல் விட்ட மர ஏணி, கரையான் அரித்த டிராயர் மேசை. இதற்கு நடுவில் எங்கேயோ ஒரு கட்டில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

பழைய சாமான்காரரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

சாமான்காரர் வந்தார். மேசையை அவரிடம் தள்ளிவிடுவதற்காக இழுத்தபோது பார்க்கிறேன், உடம்புதான் போயிருக்கிறது, டிராயர்கள் கல்லு மாதிரி இருக்கின்றன. புத்தியில் பல்பு எரிந்தது. சாமான் ஒன்றும் கொடுக்காமல், டீ மட்டும் கொடுத்து அனுப்பினேன். "நீங்க டீ குடுக்குற ஆளே இல்லையே, என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாங்கத்தானே கூடாது? இருப்பதை வைத்துச் செய்யலாமே.

ஜூன் 8, ஞாயிறு

கடைக்கு லீவு. காலையிலிருந்து நானும் அவரும் பின்னறையில்.

டிராயர்களுக்கு, உடைந்த சுழல் நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டினோம். கட்டிலுக்கு அடியில் போய் வருகின்றன. காலால் ஒரு தட்டு தட்டினால் வெளியே வரும், அக்கா குனியவே வேண்டாம். ஏணியைப் படுக்கவைத்துச் சுவரில் அடித்தோம். நின்றபோது படியாக இருந்தவை படுத்ததும் தடுப்பாகிவிட்டன. சின்னச் சாமான் வைக்க வரிசையாக அறைகள். இத்தனை வருஷம் இதன் மேல் ஏறி இறங்கினோமே தவிர, ஒரு நாளாவது இப்படிப் பார்த்தோமா?

ஏணிக்கு அடியில் ஜாம் பாட்டில்களைத் தொங்கவிட வேண்டும் என்றேன். மூடியை மரத்தில் ஸ்க்ரூ போட்டுவிட்டால் பாட்டிலைத் திருகிக் கழற்றலாம், திருகி மாட்டலாம். ஊசி, பட்டன், பின் எல்லாம் கண்ணாடி வழியே தெரியும். "மூடிக்கு ரெண்டு ஸ்க்ரூ போடுங்க" என்றேன். "ஒண்ணு போதும், முப்பது வருஷமா ஸ்க்ரூ முடுக்குறேன், எனக்கே பாடமா?" ஒன்றுதான் போட்டார். பாட்டிலைத் திருகினால் மூடியும் கூடவே சுற்றுகிறது. திருகுகிறார், திருகுகிறார், சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டு எல்லா மூடிக்கும் இரண்டாவது ஸ்க்ரூ போட்டார்.

ஃபிரிட்ஜ்தான் இன்றைய ராஜா. அவருடைய மெக்கானிக் நண்பர் வந்து மோட்டாரையும் கேஸையும் முறைப்படி எடுத்துப் போனார். காற்றோட்டத்துக்குப் பின்பக்கம் நாலு துளை. இப்போது அது துணி அலமாரி! தட்டு இருக்கிறது, கீழே காய்கறிப் பெட்டி இருக்கிறது, கதவில் பாட்டில் வைக்க இடம், முட்டைக்குப் பள்ளம். கரையான் அரிக்காது, எலி நுழையாது. இப்படி ஒரு அலமாரி என் கடையில்கூட இல்லை.

இடுப்பு போய்விட்டது. இவ்வளவு சந்தோஷமாக இடுப்பு போய் நாளாயிற்று.

ஜூன் 9, திங்கள்

கடைக்கு வந்த ஒரு அம்மா, பருப்பு போட டப்பா கேட்டார். "காலி ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி வைங்க, அதுவே போதும்" என்று என் வாயே சொல்லிவிட்டது. அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். கடையில் வேலை செய்கிற வாயாடி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இப்படியே போனா நாம ரெண்டு பேரும் பழைய சாமான் எடுக்கத்தான் போகணும்."

ஜூன் 12, வியாழன்

வீட்டுக்காரரின் கிழிந்த ஜீன்ஸ்களிலிருந்து பாக்கெட்டுகளை வெட்டிப் பழைய திரைச்சீலையில் தைத்தேன். கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது. கண்ணாடி, போன், டார்ச், எல்லாம் படுத்தபடியே எட்டும். அதில் ஒன்று கிழியாத ஜீன்ஸாம். எனக்குத் தெரியாது.

ஜூன் 14, சனி

அறை முடிந்தது. பெருக்கி, துடைத்து, விரிப்பு போட்டு, வாசலில் நின்று பார்த்தேன். என்னவோ போல இருந்தது. ஃபிரிட்ஜ் காலி, ஏணி காலி, டிராயர் காலி.

காலித் தட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. தட்டு காலியாகத் தெரிந்தால் கடையே காலி என்று நினைப்பார்கள். சரக்கு இல்லாத காலத்தில் வெறும் அட்டைப் பெட்டிகளையாவது முன்வரிசையில் நிறுத்தி வைத்துத்தான் நான் மேலே வந்தேன். பிளாட்பாரத்தில் நாலு பக்கெட்டோடு உட்கார்ந்தபோதும் நாலையும் நாற்பது மாதிரி பரப்பத் தெரியும்.

வண்டியைப் போட்டுக்கொண்டு போய்க் கடையிலிருந்து கொஞ்சம் சரக்கு எடுத்து வந்தேன். மூடி டப்பாக்கள், பூந்தொட்டிகள், கலர் கலராகக் குவளைகள். வீட்டில் கிடந்த பழைய துண்டுகளும் சேர்ந்தன. எல்லாவற்றையும் முகம் முன்னால் தெரிய, உயரப்படி அடுக்கினேன். ஒரு இஞ்ச் இடம் சும்மா இல்லை.

இப்போதுதான் அறை களை கட்டியிருக்கிறது. அக்கா அசந்துவிடுவாள்.

ஜூன் 15, ஞாயிறு

வந்துவிட்டாள்! கையில் ஒரே ஒரு பை. வாசலிலேயே விசாரணை ஆரம்பம்.

"இது வாங்கினதா?"

"பழைய ஏணி."

"இது?"

"செத்த ஃபிரிட்ஜ்."

"ஏண்டி, என்னை ஐஸ் பெட்டிக்குள்ள வெக்கப் பாக்குறியா? இன்னும் நாள் இருக்குடி எனக்கு!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டுகளைப் பார்த்ததும் நின்றாள். "இதெல்லாம் புதுசா இருக்கே?"

"உனக்கு வாங்கினது இல்லைக்கா. எல்லாம் கடைச் சரக்கு."

"ம்ம்" என்றாள். பையை நாற்காலியில் வைத்தாள்.

பரீட்சையில் பாஸ். புதுசாக எதையும் வாங்கவில்லை, அவளும் வண்டி ஏறவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பை இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறது. துணியை அதிலிருந்து எடுக்கிறாள், மடித்து அதிலேயே வைக்கிறாள், ஜிப்பை மூடுகிறாள். ராத்திரி மாத்திரையும் பையிலிருந்துதான். "ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்குற மாதிரி உக்காந்திருக்காங்க" என்கிறார் வீட்டுக்காரர்.

ஜூன் 18, புதன்

கட்டில் உயரமா? இவர் குறட்டையா? என் வாயா? நேராகவே கேட்டேன். "எல்லாம் வசதியாதான் இருக்குடி" என்றாள்.

எனக்கா தெரியாது? "எல்லாம் நல்லாதான் இருக்கு" என்று சொல்கிற வாடிக்கையாளர் எதையும் வாங்காமல் போகப்போகிறார் என்று அர்த்தம்.

ஜூன் 19, வியாழன்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

மழையில் நனைந்துகொண்டு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, கக்கத்தில் ஹெல்மெட். மேசையைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். எங்கும் சரக்கு. எல்லாவற்றையும் கட்டிப்பிடித்தபடியே ஒரு சுற்று சுற்றிவிட்டு வாசலுக்கு நடந்தாள். "ஏம்மா, எதுவும் பிடிக்கலையா?" என்றேன். "கையில இருக்குறதைக் கீழ வெக்கவே இடம் இல்லையேம்மா, அப்புறம் எங்க பாக்குறது" என்றாள்.

நாற்காலியில் கிடக்கும் அக்காவின் பை கண் முன்னால் வந்தது. பிறகு சாவியை வாயாடியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா படுத்திருந்தாள். நான் ஃபிரிட்ஜிலிருந்து டப்பாக்களைக் கூடையில் தள்ளும் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னடி பண்றே, வேலை நேரத்துல?"

"இந்தக் குப்பையை எடுக்குறேன். இந்த அறை முழுக்க உனக்குத்தான்க்கா. காலியா இருந்தா நல்லா இல்லையேன்னு நான்தான் ரொப்பி வெச்சேன்."

"காலியா இருந்ததையா? ரொப்பினியா?" கூடையிலிருந்த டப்பாக்களை எட்டிப் பார்த்தாள். "நான் உன் கோடவுன்ல ஓரமா படுத்திருக்கேன்னு நெனச்சேன்."

"வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே!"

"உன் வீட்டுத் தட்டைக் காலி பண்ணுன்னு சொல்ல நான் யாருடி?"

கோபம் வந்துவிட்டது எனக்கு. யாராம்! நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்த காலத்தில், பெரிய ஹோட்டலில் விரிப்பும் துண்டும் மடித்துக் கை காய்த்துப்போய் வந்து, அந்தக் கையாலேயே என் பக்கெட்டுகளைத் தூக்கி அடுக்கினவள் யார்? அவ்வளவையும் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சரி சரி, கத்தாதே. அந்தப் பச்சைக் குவளையை மட்டும் வெச்சுட்டுப் போ. நல்லா இருக்கு."

ஜூன் 20, வெள்ளி

எடுத்த சரக்கெல்லாம் எங்கள் படுக்கையறையில். வீட்டுக்காரர் இப்போது பூந்தொட்டிகளோடு தூங்குகிறார்.

ஜூன் 21, சனி

தட்டுகள் காலியாகவே இருக்கின்றன. அந்த வழியே போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். வைக்கட்டும். அவள் வைக்கட்டும். வைப்பாளா?

ஜூன் 22, ஞாயிறு

முட்டைப் பள்ளங்களில் மாத்திரை! மேல் வரிசை காலைக்கு, கீழ் வரிசை ராத்திரிக்கு. எனக்கே தோன்றாதது.

ஜூன் 25, புதன்

நாற்காலியில் பை இல்லை. ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். துணியெல்லாம் உள்ளே. ஒவ்வொன்றும் அளவெடுத்துச் செங்கல் அறுத்த மாதிரி, மடிப்பு முன்பக்கம் பார்த்தபடி. மேலே உள்ளதைக் கலைக்காமல் கீழே உள்ளதை உருவலாம். நாற்காலியில் அக்கா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"கதவை மூடுடி, கூலிங் போயிடும்."

ஜூன் 29, ஞாயிறு

அறை அவளுக்குப் போதவில்லை. வீட்டுக்குள் இறங்கிவிட்டாள். "உனக்கு விக்கத்தான் தெரியும், வெக்கத் தெரியாது" என்று என் அலமாரியைப் பிரித்தாள். விரிப்பு, போர்வை, தலையணை உறை என்று எல்லாம் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. ஒரு கட்டிலுக்கான விரிப்பு எல்லாவற்றையும் மடித்து, அதே ஜோடித் தலையணை உறை ஒன்றுக்குள் போட்டுத் திணித்தாள். இப்போது உறை ஒன்றை எடுத்தால் கட்டிலுக்கு வேண்டியது மொத்தமும் கையில். ஹோட்டலில் அப்படித்தானாம். இத்தனை வருஷம் இதை எனக்குச் சொல்லவில்லை பாருங்கள்! கேட்டால், "நீ கேக்கலை" என்கிறாள்.

அடுத்தது வீட்டுக்காரர். துணிக்கடையில் தூக்கிப்போட்ட அட்டைக் குழாய்களை வாயாடி வாங்கி வந்தாள். அக்கா அவற்றைத் துண்டு துண்டாக அறுத்துச் சோடா பாட்டில் பெட்டியில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரைச் சுருட்டிச் செருகிவிட்டாள். "என் ஒயர் எனக்குத் தெரியும்க்கா, சிக்குன்னாலும் அது என் சிக்கு" என்று கெஞ்சினார். "தம்பி, அந்தச் சிக்குலதான் நீங்க நேத்து உங்க டெஸ்டரைத் தேடினீங்க" என்றாள். மனிதர் டெஸ்டரையும் ஒரு குழாயில் செருகினார்.

ஜூலை 6, ஞாயிறு

என் டீத்தூளை இடம் மாற்றிவிட்டாள். சண்டை போட்டேன். நான்தான் தோற்றேன். புது இடம் அடுப்புக்குப் பக்கம்.

ஜூலை 10, வியாழன்

வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூலும், பை வைக்க ஒரு மேசையும் கடையில் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே வைத்திருந்த சரக்கு போச்சே என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் வருகிறவர்கள் கூடுதல் நேரம் நிற்கிறார்கள். நிற்கிறவர்கள் வாங்குகிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

நாளையோடு ஒரு மாதம். அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் "எல்லாம் வசதியாதான் இருக்கு" என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். பேரம் பேசுகிறவளுக்குத் தெரியும், எதிராளி யோசிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 17, வியாழன்

கடையை அடைத்துவிட்டு வந்தால், வாசலில் கால் வைக்க இடமில்லை. கயிறு கட்டிய மூட்டைகள், ஒரு தையல் மெஷின், சுருட்டிய மெத்தை, பிரஷர் குக்கர், கண்ணாடி பதித்த ஒரு அலமாரிக் கதவு, கதவு மட்டும். "மத்தியானம் வேன் வந்தது. மூணாவது மாடியிலிருந்து இறக்கினாங்களாம். உங்க அக்காதான் வரச் சொன்னாங்களாம்" என்றார் வீட்டுக்காரர், எதுவுமே நடக்காதது போன்ற குரலில்.

நானும் எதுவுமே நடக்காதது போன்ற முகத்தோடு ஒரு மூட்டை முன்னால் உட்கார்ந்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் முடியவில்லை, பல்லாலும் முடியவில்லை.

"அக்கா, கத்தரிக்கோல் எங்க இருக்கு?"

உள்ளே கட்டிலில் படுத்தபடி, கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னாள். "சமையல்கட்டுல, ரெண்டாவது தட்டு, இடது ஓரம், பிஸ்கட் டின்னுல. எடுத்த இடத்துலயே திருப்பி வை."

எடுத்தேன். எல்லாக் கயிற்றையும் அறுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்தேன்.