இரவல் கொடுத்த காது

டீச்சர்,

நேற்று கண்டி டவுனில் ஒரு சின்னக் கடையில் பொத்தான் அளவு பற்றரி கேட்டேன். கடைக்காரர் தலையை உயர்த்தாமல், "மணிக்கூட்டுக்கா, காதுக்கா?" என்றார். காதுக்கு என்றேன். உடனே தலையை உயர்த்தி, என் இடது காதை மரியாதையோடு பார்த்து, குரலை இரண்டு மடங்காக்கி விலையைச் சொன்னார். காதில் கருவி வைத்தவனிடம் எல்லோரும் கத்துகிறார்கள். வைப்பதற்கு முன்னால் ஒருவரும் கத்தவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "சேர், ஒங்களுக்கும் வந்திட்டா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

பற்றரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெல்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் மழை பிடித்தது. அதன் பிறகு வீடு வரைக்கும் உங்கள் நினைவுதான்.

நம் பாடசாலையின் தகரக் கூரையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மழை வந்தால் படிப்பிக்கிறவருக்கே தன் குரல் கேட்காது. மற்ற ஆசிரியர்களான நாங்கள் அதை இயற்கை தந்த இடைவேளை என்று எடுத்துக்கொண்டு தேநீர் குடித்தோம். நீங்கள் மட்டும் வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கைகளால் கணக்குச் சொல்லத் தொடங்கினீர்கள். சுட்டுவிரலை வட்டமாகச் சுழற்றினால் 'இன்னொருமுறை'. உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்தால் 'விளங்கியது'. பின்னங்களுக்கு விரல்கள், பெருக்கலுக்கு முழங்கை. பாடசாலை அதிபர் ஒருநாள் வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டு, மழை ஓய்ந்ததும் கேட்டார்.

"என்ன டீச்சர், நாட்டியம் பழக்குறீங்களா?"

"பின்னம் பழக்குறேன் சேர்."

அந்த மழைகளில்தான் தர்ஷினியைக் கண்டுபிடித்தீர்கள். கடைசி வாங்கில் இருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், கேள்விக்கு வேறு எதையோ பதிலாகச் சொல்வாள். அவள் மந்தம் என்பதில் ஆசிரியர் அறையில் அபூர்வமான ஒற்றுமை நிலவியது. நீங்கள் ஒருநாள் நனைந்த குடையோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தீர்கள்.

"சேர், அந்தப் புள்ள மழைக்கி மட்டும் கெட்டிக்காரி. எல்லாருக்கும் முந்தி கைய மேசையில வெக்கிறா. ஏன்?"

"குளிர் பிடிக்குமோ என்னவோ."

"இல்ல சேர். மழைக்கி நாம எல்லாரும் அவளப் போல ஆயிடுறோம்."

பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தபோது நீங்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. இரண்டு காதும் அரைகுறையாகத்தான் கேட்டன. ஒரு காதுக்காவது கருவி வேண்டும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மாவின் சம்பளத்தில் நினைத்துப் பார்க்கக்கூடிய விலை இல்லை. அவள் அடுத்த வருடம் படிப்பை விட்டுத் தோட்டத்தில் பெயர் பதியப் போவதாகவும் பேச்சு இருந்தது.

அப்போதுதான் நகரத்துக் கல்வி அறக்கட்டளை ஆசிரியர் மானியத்துக்கு விண்ணப்பம் கோரியது. கடை முதலாளிகளும் பழைய மாணவர்களும் சேர்ந்து நடத்துகிற நல்ல அமைப்பு. முந்திய வருடம் ஒரு பாடசாலைக்குத் திரையில் படம் காட்டும் கருவி கொடுத்திருந்தார்கள். அங்கே மின்சாரம் வந்ததும் அது மிகவும் பயன்படும். நீங்கள் 'கற்பித்தல் உபகரணம்' என்ற இடத்தில், 'செவிப்புலக் கருவி, ஒன்று' என்று எழுதினீர்கள். நேர்காணலுக்குச் சாட்சியாக என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அறக்கட்டளைத் தலைவர் யாழ்ப்பாணத்தவர், பண்பான மனிதர். "டீச்சர், இது படிப்பிக்கிற சாமான் இல்லையே. பிள்ளையின்ர சாமான் எல்லோ?" என்றார்.

"கரும்பலகைக்குக் காசு தாறீங்கதானே சேர்?"

"ஓம், தாறம்."

"நான் எழுதுறது புள்ளைக்கி வெளங்கத்தான் பலகை. நான் பேசுறது வெளங்கத்தான் இது. ரெண்டும் ஒண்டுதான்."

பொருளாளர் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தார். "பலகை பள்ளிக்கூடத்துல இரிக்கும் டீச்சர். இது வீட்டுக்குப் போயிடுமே?"

"அப்ப, பலகையில படிச்சதயும் வெச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போகணுமா சேர்?"

தலைவர் சிரித்தார். மானியம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: வாங்கும் பொருள் பாடசாலையின் சொத்து, பாடசாலையிலேயே இருக்கவேண்டும். அதிபர் நிபந்தனைகளை வேதமாக மதிப்பவர். கருவியில் பாடசாலை இலக்கத்தை எழுதச் சொன்னார். இடம் போதாததால் உறையில் எழுதினோம். பாடசாலை விட்டதும் தர்ஷினி காதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். நான்கு நாட்கள் அப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் அவள் அலுமாரிக்கு முன்னால் நின்று அழுதாள். நீங்கள் அழவில்லை. நேராக நூலகப் பொறுப்பாளரான என்னிடம் வந்தீர்கள்.

"சேர், லைப்ரரிப் புத்தகம் யாருட சொத்து?"

"பாடசாலையோட சொத்து."

"வீட்டுக்குக் கொண்டு போகலாமா?"

"ரெண்டு வாரத்துக்குக் கொண்டு போகலாம்."

"அப்ப இத லைப்ரரியில பதிங்க."

"எந்தப் பிரிவுல டீச்சர்?"

கொஞ்சம் யோசித்தீர்கள். "மொழி" என்றீர்கள்.

அதிபர் அந்தப் பதிவை நீண்ட நேரம் பார்த்தார். விதியில் பிழை காண முடியாதபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். "லேட் பண்ணாம திருப்பித் தரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தர்ஷினி வந்து காதைக் கழற்றி என் மேசையில் வைப்பாள். நான் புதுப்பித்துத் திருப்பிக் கொடுப்பேன். அந்த அரை நிமிடம் அவள் என் உதடுகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவு கவனமான வாசகரை எங்கள் நூலகம் பிறகு கண்டதில்லை.

கருவியோடு அவள் கேட்ட முதல் மழை உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உங்களிடம் ஓடிவந்தாள். சத்தம் சற்று அடங்கியபோது, "இவ்வளவு சத்தத்துலயா டீச்சர் இத்தன நாளும் படிச்சுக் குடுத்தீங்க?" என்றாள். பிறகு கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். அன்றும் அவள் உள்ளங்கைதான் முதலில் மேசைக்கு வந்தது.

அவள் படிப்பை விடவில்லை டீச்சர். இப்போது நாவலப்பிட்டியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் ஜனாஸாவை அடக்கம் செய்த அன்றும் மழை. உங்கள் வீட்டு முற்றத்தில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். உங்கள் தம்பி எங்களிடம் ஏதோ சொன்னார். கூரைச் சத்தத்தில் ஒரு சொல்லும் விழவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் உங்களைத் தூக்கப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு நடுவில் தர்ஷினி நின்றாள். கருவி கையில் இருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டாள். நான் வாசல் பக்கம் காட்டித் தலையசைத்தேன். அவள் உள்ளங்கை கீழே போகவில்லை. சுட்டுவிரலை உயர்த்தி, மெல்ல வட்டமாகச் சுழற்றினாள்.

இன்னொருமுறை.

நான் மறுபடியும் தலையசைத்தேன். அவள் மறுபடியும் சுழற்றினாள்.

நேற்று வீட்டுக்கு வந்து பற்றரியைப் போட்டேன். மழை ஓயவில்லை, எங்கள் வீட்டுக் கூரையும் தகரம்தான். கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், டீச்சர். என் விரலும் சுழன்றுகொண்டிருந்தது.