மூழ்கிய கப்பலும் சேவுகம்பட்டிக் கிணறும்

ஜனவரி 11

டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். புதுச்சேரி டைவிங் பள்ளி அனுப்பிய படிவம் அது. என் காது, நெஞ்சு, நுரையீரல் எல்லாம் சரி என்று யாராவது ஒரு டாக்டர் சொல்ல வேண்டும். எதற்கு என்றார். கடலடியில் கிடக்கும் கப்பலைப் பார்க்க என்றேன். பேனாவை மூடினார்.

"வயசு நாப்பத்தேழு. காலேஜ் லைப்ரரியன். வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?"

பிரச்சினை வீட்டில் இல்லை, நூலகத்தில். கப்பல் விபத்துகள் பற்றிய புத்தகத் தட்டை இருபத்தொரு வருடமாக யாரும் தொடவில்லை. பாவமாக இருந்தது, நானே படித்துத் தீர்த்தேன்.

ஜனவரி 13

வேறு டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்தார். மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 20

கணவர் சூசைமுத்துவிடம் சொன்னேன். தன் பூட்டுக்கடையில் ஒரு பூட்டுக்குச் சாவி பொருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அதான் முழுகிருச்சுல்ல. இனி அங்கன என்ன இருக்கு?"

மறுக்க முடியாத வாதம். பிறகு விரலை மடக்கினார். "தையலு, வீணை, பிரெஞ்சு. இது நாலாவதா?"

மூன்றையும் பாதியில் விட்டவள் நான். நான்காவது விரலை இந்த மனிதர் மடக்கக் கூடாது. கப்பலைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 26

சேவுகம்பட்டி, தம்பி தோட்டத்துக் கிணறு. எங்கள் பக்கம் நீச்சல் தெரியும் என்றால் அடிவரை போய் ஒரு பிடி மண் எடுத்து வர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் குளித்ததாகத்தான் அர்த்தம். பக்கத்துத் தோட்டத்து ஒச்சாயி, பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு, படியில் உட்கார்ந்து எண்ணினாள். மூச்சைப் பிடித்து எண்பது எண்ணும்வரை உள்ளே இருந்தேன். மண்ணோடு வந்தேன்.

"ஏத்தா புஷ்பம், நீ போனா பாண்டிச்சேரிக்காரன் அரண்டுருவான்டி."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிப்ரவரி 8, புதுச்சேரி

நீச்சல்குளத்தில் முதல் நாள். வாயில் குழாய், முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி. ஒரு மணி நேரத்துக்கான காற்று முதுகில் இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. அடியில் மூச்சைப் பிடித்தபடி கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன், பாராட்டை எதிர்பார்த்து.

பயிற்சி தரும் தாஹிரா, என் மகள் வயதுப் பெண், என்னை மேலே கூட்டி வந்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"மூச்சப் பிடிக்கிறேன். எண்பது வரைக்கும் வரும்."

"இதுல முதல் ரூலே அதான்க்கா. மூச்சப் பிடிக்கவே கூடாது. பிடிச்சுக்கிட்டே மேல வந்தீங்கன்னா நுரையீரல் கிழிஞ்சுரும்."

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இங்கே தடை செய்யப்பட்டதும் அதுதான்.

பிப்ரவரி 9

ஏழு முறை இறங்கினேன். ஏழு முறையும் பிடித்தேன். நானா பிடிக்கிறேன்? நெஞ்சு அதுவாகப் பூட்டிக்கொள்கிறது. பூட்டுக்கடைக்காரர் மனைவி என்றால் இப்படியா?

தாஹிரா: "மார்ச் எட்டு வாங்க. அன்னைக்கும் பிடிச்சீங்கன்னா கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்க்கா. கோவிச்சுக்காதீங்க."

பிப்ரவரி 10

நாலாவது விரல். இன்னும் மடங்கவில்லை.

பிப்ரவரி 17

தண்ணீரில் மட்டும் இல்லை. முதல்வர் நூலகத்துக்குள் வரும்போது பிடிக்கிறேன். பஸ் வளைவில் திரும்பும்போது பிடிக்கிறேன். மாமியாரின் போன் அடிக்கும்போது நிச்சயம் பிடிக்கிறேன். இத்தனை வருடம் எப்படி உயிரோடு இருந்தேன் என்பதைத்தான் அந்த டாக்டர் கேட்டிருக்க வேண்டும்.

சூசைமுத்துவிடம் சொன்னேன். "சப்பாத்தி தேய்க்கிறப்பக்கூட நீ மூச்சு விட மாட்ட. கல்யாணமானதுலருந்து பாக்குறேன்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

பிப்ரவரி 23

அவரே கண்காணிப்பாளராகப் பதவியேற்றுவிட்டார். என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் "மூச்சு" என்கிறார். இன்று மாதா கோயில் பூசையில், பிரசங்கத்தின் நடுவே, நல்ல சத்தமாகச் சொன்னார். முன்வரிசை முழுக்கத் திரும்பியது. சாமியார்கூட ஒரு கணம் நிறுத்தி மூச்சு விட்டார்.

மார்ச் 8

இருபது நிமிடம், குளத்தின் அடியில், ஒருமுறைகூடப் பிடிக்காமல் மூச்சு விட்டேன். தாஹிரா கட்டைவிரலை உயர்த்தவில்லை. அப்படிக் காட்டினால் மேலே போ என்று பொருள். இரண்டு விரலால் வட்டம் காட்டினாள்: எல்லாம் சரி.

மார்ச் 22

கடலுக்குள் பதினாறு மீட்டர் ஆழம். கப்பல் என்று அவர்கள் சொன்னது ஒரு பழைய இழுவைப் படகு; பாதி மணலுக்குள். உள்ளே நுழைய எனக்கு அனுமதி இல்லை, சுற்றி வரலாம். கயிறு சுற்றும் உருளைக்குள் ஒரு பெரிய களவாய் மீன் குடியிருக்கிறது. நான் வந்தது அதற்குப் பிடிக்கவில்லை.

அத்தனை புத்தகத்திலும் ஒன்றை யாரும் எழுதவில்லை. அங்கே கேட்கும் ஒரே சத்தம் நம் மூச்சுதான்.

பழக்கத்தில் கை மணலுக்குப் போனது. தாஹிரா விரலை ஆட்டினாள். எதையும் எடுக்கக் கூடாதாம். வெறுங்கையோடு மேலே வந்தேன்.

துணைக்கு வந்திருந்த சூசைமுத்து மேலே படகில் வாந்தி எடுத்து முடித்திருந்தார். "என்ன இருந்துச்சு?"

"மீனு."

திரும்பும் பஸ்ஸில் தையலு, வீணை, பிரெஞ்சு என்று மடக்கினார். நான்காவது விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 30

சேவுகம்பட்டி. ஒச்சாயியின் முதல் கேள்வி: "மண்ணு எங்கடி?"

கடலில் எடுக்க விட மாட்டார்கள் என்றேன்.

"அப்பக் குளிச்சிட்டு வந்துருக்க."

அங்கேயே கிணற்றில் இறங்கினேன். அடியில் ஒரு பிடி அள்ளி, வழி நெடுகக் குமிழி விட்டுக்கொண்டே, அவசரமில்லாமல் மேலே வந்தேன். கையை விரித்துக் காட்டினேன். அவள் மண்ணைப் பார்க்கவில்லை.

"முப்பத்தஞ்சுதான் எண்ணுனேன். கடலு உன்னயக் கெடுத்துப் போட்ருச்சுடி."