அம்மா கேட்ட தீர்த்தம்

என் ஆசை அண்ணாத்தே,

எங்கே இருக்கிறாயோ தெரியாது, முதலில் காதைத் தீட்டிக்கொள். நேற்று கல்லறைத் திருநாள். கோயில் உபதேசியார் இருமினால்கூட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளும் நம் அம்மா, ராயபுரமே பார்த்துக்கொண்டிருக்க, பங்குச் சாமியாரை வழிமறித்துவிட்டாள்! அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ போன பிறகு நடந்தவை எத்தனையோ உனக்குத் தெரியாது.

சண்டை ஆரம்பித்ததே உன் வாயால்தான். நீ பேசின் பிரிட்ஜில் ரயில் எஞ்சினுக்குக் கரி வாரிப் போட்டுவிட்டு வருவாய். நான் திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வருவேன். "இன்னாடி பிலோமி, உம்மேல நரகத்து வாசனை அடிக்குது" என்று கந்தக நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொள்வாய். பேச்சும் அப்படியே நரகத்துக்குப் போய்விடும்.

"எஞ்சினு ஊரு போய் சேரணும், அதுக்கோசரம் நான் கரி போடறேன். நரகத்து நெருப்பு எந்த ஊருக்குப் போவுது? ஒரு ஊருக்கும் போவாத நெருப்ப எதுக்கு அணைக்காம வச்சிகினு கீறாரு ஆண்டவரு?" என்பாய். அம்மா காதைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடுவாள்.

நான் உன் கட்சி இல்லை, ஞாபகம் இருக்கிறதா? யுத்த காலத்தில் ரேஷன் அரிசியில் கல்லைக் கலந்து போட்டானே ஒருவன், அவனுக்கு நரகம் இல்லையென்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது என்று மல்லுக்கு நிற்பேன். "சரி, போவட்டும். எத்தினி நாளிக்கி?" என்பாய். என்றைக்குமே என்பேன். "கல்லு கலந்ததுக்கு என்னிக்குமேவா? உனுக்கே அநியாயமா தெரியல?" அதைக் கேட்டதும் நானும் அடுப்பங்கரைக்கு எழுந்து போய்விடுவேன்.

இதையே பாவசங்கீர்த்தனத்தில் பழைய சாமியாரிடமும் கேட்டுத் தொலைத்தாய். நித்திய நரகத்தை நம்பாதவனுக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்றுவிட்டார். அன்றைக்கு எழுந்து வந்தவன்தான், அப்புறம் கோயில் பக்கம் நீ தலைவைத்தும் படுக்கவில்லை. வாந்திபேதி வந்து ஒரே நாளில் போய்விட்டாய். சாகும்போது சாமியாரை அழைத்து அவஸ்தை எண்ணெய் பூசக்கூட நேரமிருக்கவில்லை. அடக்கப் பூசையும் கிடையாது என்றார்கள். கல்லறைத் தோட்டத்தின் கடைசியில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், மந்திரிக்காத மண்ணில் உன்னைப் புதைத்தோம். திருநாளன்று கல்லறைதோறும் தீர்த்தம் தெளித்து வரும் சாமியார் அந்த மரத்தோடு திரும்பிவிடுவார்.

அம்மா இத்தனை வருஷமும் உனக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றவில்லை, தெரியுமா? உன்மேல் கோபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஊரே மெழுகுவத்தி ஏற்றும்போது இவள் மட்டும் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் உன் மண்மேட்டில் ஊற்றுவாள், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "அவனே எரிஞ்சிகினு கீறான். அதுல நான் வேற நெருப்பு வெக்கணுமாடி?" என்றாள்.

நாம் ஏற்றும் மெழுகுவத்தியின் சூடு நரகத்தில் கிடப்பவன் மேல் போய் விழும் என்று எந்த ஞானோபதேசத்தில் இருக்கிறது? அவளாகக் கட்டிக்கொண்டது. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து தெருவே புலம்பும்போது இவள் முகம் மட்டும் தெளிந்திருக்கும். "இன்னிக்கி அவனுக்குக் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கும்" என்பாள். நான் எப்படிச் சிரிப்பேன், எப்படி அழுவேன், சொல்லு.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். புதுச் சாமியார் திருநெல்வேலிக்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தூறலில் கல்லறை கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். கூடவே தீர்த்தப் பாத்திரத்தோடு உபதேசியார். வேப்பமரத்தடியில் உபதேசியார் வழக்கம்போலத் திரும்பினார், சாமியாரும் திரும்பினார். அம்மா குறுக்கே போய் நின்று செம்பை நீட்டினாள்.

"சாமி, இத்தினி வருசமா நான் ஊத்தற தண்ணி பத்தல போல கீது. உங்க தீர்த்தத்துல கொஞ்சம் இதுல ஊத்துங்க."

உபதேசியார் பாய்ந்து வந்தார். "இவ புள்ள பாவசங்கீர்த்தனம் பண்ணாம செத்தவன், சாமி. நரகத்துல வுழுந்தவனுக்குத் தீர்த்தம் போய் சேராது. யம்மா, நவுரு."

நகர்ந்தால்தானே! "அங்கதான் கீறான்னு நீ போய்ப் பாத்தியா உபதேசியாரே? சரி, அங்கயே கீறான்னு வையி. சாமி, அப்டின்னா என்னியும் அங்கயே அனுப்பிடச் சொல்லுங்க. மோட்சத்துல குந்திகினு எம்புள்ள எரியறத என்னிக்கும் பாத்துகினு இருக்க என்னால ஆவாது. நான் அவங்கிட்டயே போயிடறேன். தண்ணியாச்சும் குடுப்பேன்."

நாம் இத்தனை சண்டை போட்டோமே, இதை யோசித்தோமா அண்ணாத்தே? நரகத்தில் இருப்பவனுக்கு எத்தனை நாள் என்று கேட்டோம். மோட்சத்தில் இருக்கும் தாய்க்கு எத்தனை நாள் என்று கேட்டோமா?

சாமியார் உபதேசியாரைக் கையமர்த்தினார். "அம்மா, நித்திய நரகம் உண்டுன்னு திருச்சபை சொல்லுது. நான் அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னார் அங்க இருக்கார்னு திருச்சபை ஒருத்தர் பேரையும் சொன்னதில்ல. கடைசி மூச்சுல உங்க மகனும் ஆண்டவரும் என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சொல்லிவிட்டு உபதேசியார் கையிலிருந்த பாத்திரத்தைத் தானே வாங்கிக்கொண்டு நடந்தார்.

நடந்தார் அண்ணாத்தே! வேப்பமரத்தைத் தாண்டி, அங்கியெல்லாம் சேறாக, உன்னிடம் வந்தார். அந்தோணி என்று உன் பேரைச் சொல்லி செத்தவர்களுக்கான இளைப்பாற்றிச் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பேர் தெரியாமல் பக்கத்தில் கிடக்கும் மேடுகளையும் விடவில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "மெழுகுவத்தி கீதா?" என்றாள். மழையில் எத்தனையோ தீக்குச்சி வீணாகி, கடைசியில் என் மெழுகுவத்தி பற்றிக்கொண்டது. அம்மாவே அதை உன் தலைமாட்டில் நட்டாள். முக்காட்டை விரித்து மழைக்கு மறைத்துப் பிடித்தாள்.

நீ ஜெயித்துவிட்டதாகக் குதிக்காதே. நித்தியம் என்றால் என்னவென்று எனக்கு இன்னும் புரியவில்லை. அந்த ரேஷன் கடைக்காரனைச் சும்மா விடவும் மனசில்லை. ஆனால் அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளே என்று நேற்றிலிருந்து உறுத்துகிறது. இதற்கு நீ என்ன சொல்வாய்?

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "இப்ப நிம்மதியாம்மா?" என்று. "சாமி தங்கமான மனுசன். ஆனா அவுருக்கே தெரியாதுன்னுட்டாரே. அதனால நான் சொன்னது சொன்னதுதான்" என்றாள், விறுவிறுவென்று நடந்துகொண்டே.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ மோட்சத்தில் இருந்தால் எங்களுக்காக வாசலுக்கு வந்து நில். அந்த இன்னொரு இடத்தில்தான் இருக்கிறாய் என்றால் பயப்படாதே. அம்மாவை நான் தனியாக அனுப்பமாட்டேன்.

உன்னோடு வாயாடவே உன் பின்னால் பிறந்த தங்கை,
பிலோமினா