கணக்காளரம்மாவின் கண்ணாடித் தட்டு

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். முட்டையும் பாலும் ஊற்றி ஊறவைத்த ரொட்டித் துண்டுகள் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. ஓவனில் வைத்து, மேலே பொன்னிறமானதும் எடுங்கள். உங்கள் ஆபீஸ் கணக்காளரம்மா கொடுத்தனுப்பிய அதே அயிட்டம்தான். ஆப்பிளோடு திராட்சையும் போட்டிருக்கிறேன், அவள் போடவில்லை.

"அவங்க கைப்பக்குவமே தனி"ன்னு ஒரு வாரமாக உருகினீர்களே, அதனால்தான் நேற்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். தலைவலி என்றது சும்மா.

செய்திருப்பதும் அவள் கொடுத்தனுப்பிய கண்ணாடித் தட்டில்தான், ஓவன் சூட்டைத் தாங்கும். சாப்பிட்டதும் கழுவி, இன்றே கொடுத்துவிடுங்கள்.

பி.கு.: வெறும் தட்டாகக் கொடுக்காதீர்கள். ஒரு துண்டு வையுங்கள். யார் செய்தது என்று கேட்டால், "என் பெண்டாட்டி" என்று ஆபீஸுக்கே கேட்கும்படி சொல்லுங்கள்.

இன்னொன்று: அவள் செய்ததுதான் ருசி என்று தோன்றினால், சாயந்திரம் என்னிடம் பொய் சொல்லிவிடுங்கள். நம்பிவிடுவேன்.