டாக்டரிடம் நான் சொன்ன பொய்

செவ்வாய்க்கிழமை, இரவு

அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறான். காலையிலேயே அவனிடம் பீர் நாற்றம் அடிப்பதாக வேனில் வரும் ஒரு பிள்ளையின் தாய் புகார் செய்ததால், முதலாளி டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். இன்று தேக்காவில் ஒரு கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

"எவ்வளவு குடிக்கிறீங்கங்கிறது மட்டும் இல்ல. விடணும்னு நினைச்சும் முடியலையா? குடிக்காட்டி கை நடுங்குதா? இந்த மாதிரி ரெண்டு இருந்தாலே அது நோய்தான்," என்றார் டாக்டர்.

எல்லாவற்றுக்கும் இல்லை என்றான் அண்ணன். டாக்டர் என்னைப் பார்த்தார். போன வாரம் கை நடுக்கத்தில் அவனால் சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

"வீட்டுல அப்படி எதுவும் இல்ல டாக்டர்," என்றேன்.

வெளியே வந்ததும், "வேலை தப்பிச்சது லா," என்று சிரித்தான். நேரே காப்பிக்கடைக்குப் போய் பீர் வாங்கினான். அவனைவிட என்மேல்தான் அருவருப்பு அதிகம்.

நாளை டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், கிளினிக் எட்டரைக்குத்தான் திறக்கும். செங்காங் பகுதிப் பிள்ளைகள் ஆறு மணிக்கே வேனுக்காகக் காத்திருப்பார்கள். அண்ணன் தூங்குகிறான். வேன் சாவியை எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.