கட்டிலுக்கு ஒரு பாவாடை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதுவதுதான் வழக்கம், பேனா தானாகவே அந்த வரிக்குப் போகிறது, நான்தான் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். பாப்பா, அம்மாவுக்கு இடுப்பில் இருப்பது விரிசல் இல்லை. வழுக்கி விழுந்தாள், எலும்பில் கீறல், ஆறு மாதத்தில் கூடிவிடும் என்று நாங்கள் உனக்குச் சொன்னதெல்லாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஜோடித்தது. சிறுநீரகத்தில் ஆரம்பித்த புற்று எலும்புக்கு இறங்கிவிட்டது. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இனிமே இங்க வெச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வலி தெரியாம பாத்துக்குங்க என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இந்த வருஷம் முடிவதைப் பார்ப்பாளா என்று கேட்டேன், அவர் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். உனக்குச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் எப்போதும் அவள் தலையணை ஓரத்திலேயே இருக்கிறது, இரண்டு அறை வீட்டில் நான் எங்கே போய்க் கிசுகிசுப்பது. மெசேஜ் அடிக்கலாம் என்றால் உன் பதிலை அவள்தான் முதலில் படிப்பாள். அதனால் கடையில் வெட்டு மேசை மேல், யாரோ ஒருவருடைய காரின் பின் சீட்டுக்கு வெட்டின துணியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கட்டிலின் கதையைச் சொன்னால்தான் நான் செய்த தப்பு உனக்குப் புரியும். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம், நாலு காலிலும் சக்கரம், கால்மாட்டில் ஒரு கைப்பிடி, சுற்றினால் கட்டில் மொத்தமும் ஏறும் இறங்கும். காலையில் வரும் நர்ஸ் தன் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் செய்வாள், போகும்போது இறக்கிவிட்டுப் போவாள். அந்தக் கட்டிலுக்கு அடியில் பார்த்தால் ஒரு வார்டே குடிவந்த மாதிரி இருக்கும். சிறுநீர்ப் பை தொங்கும், மலச்சட்டி, மூடி போட்ட வாளி, பழைய துணி மூட்டை, மருந்து நாற்றம் போக வைத்த ஏதோ ஒரு டப்பா. அம்மாவுக்கு வலியைவிட அதுதான் பெரிய உறுத்தல். அவளைத் தெரியாதா உனக்கு, கண் டாக்டரின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். மேசைக்கு மேலே வாரின தலை, மடிப்புக் கலையாத உடை, ஒரு சிரிப்பு. மேசைக்குக் கீழே கழற்றிப் போட்ட செருப்பு, வீங்கின காலை வைக்கக் கவிழ்த்துப் போட்ட மருந்துப் பெட்டி, பாதி தின்ற பிஸ்கட், அட்டை கிழிந்த துப்பறியும் கதை. எதிர்ல நிக்கறவங்களுக்கு இடுப்புக்கு மேலதான் தெரியணும், மீதி என் பாடு என்பாள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மேசைக்கு அடியில்தான் சம்மணம் போட்டு வீட்டுப்பாடம் எழுதுவாய். இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன். ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, கட்டிலுக்கு ஒரு பாவாடை தைச்சுக் குடுங்க, சுத்தித் தொங்கவிட்டா அடியில இருக்கறது ஒண்ணும் தெரியக் கூடாது என்றாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு தலையணை உறைகூடத் தைச்சதில்ல, பஸ்ஸுக்கும் காருக்கும் தைச்சே கண்ணு போச்சு உங்களுக்கு, இதையாவது பண்ணுங்க என்றாள். கடையில் மிஞ்சின ரெக்ஸின் இருக்கிறது என்று வாயைக் கொடுத்தேன், நான் என்ன பஸ்ஸா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளிர்நீலத்தில் பருத்தித் துணிதான் வேண்டும் என்றாள், வாங்கினேன்.

தையல்காரனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், நன்றாக மூக்கு உடைபட்டது. கடைகளில் விற்பது எப்படி என்றால், மெத்தை அளவுக்கு ஒரு விரிப்பு, அதன் ஓரத்தைச் சுற்றிக் கொசுவம் வைத்த துணி, மெத்தையைத் தூக்கி அடியில் விரித்துவிட வேண்டும். அதேபோல் தைத்துக்கொண்டு போனேன். மெத்தையைத் தூக்க வேண்டும், மெத்தை மேல் அவள் இருக்கிறாள். நானும் நர்ஸும் அவளை ஒரு பக்கம் புரட்டினோம். துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள். பாதி விரித்ததை அப்படியே உருவிக் கடைக்கு எடுத்துவந்து கத்தரிக்கோலைப் போட்டேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, சீட்டைக் கழற்றாமலே சீட் கவர் மாட்டுகிறவன் நான், எலாஸ்டிக்கை அடியில் இழுத்துக் கையால் தடவிக் கொக்கி போடுவது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம், கட்டிலுக்கு மட்டும் என்ன வந்தது. விரிப்பே வேண்டாம், இரண்டு பக்கத்துக்கு இரண்டு, கால்மாட்டுக்கு ஒன்று என்று மூன்று துண்டு, மேல் ஓரத்தில் எலாஸ்டிக், கட்டில் சட்டத்தில் மாட்டக் கொக்கி. பக்கத்துக் கடை ரேடியேட்டர்காரர் கம்பியை வளைத்து முப்பது கொக்கி செய்து கொடுத்தார், இரும்பில் இரும்பு பட்டுச் சத்தம் வரக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ரப்பர் குழாய் மாட்டினார். அவளை ஒரு விரல் அசைக்காமல் மாட்டிவிட்டேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. நர்ஸ் கட்டிலை இறக்கினாள், துணி முக்கால் அடிக்குத் தரையில் புரண்டது. நான் அளவெடுத்தது எல்லாம் காலை நேரத்தில், நர்ஸ் ஏற்றி வைத்திருந்த உயரத்தில். நாற்பது வருஷம் அளவெடுத்த கை, பாப்பா. சக்கரம் துணியைச் சுருட்டி இழுத்தது, துணியோடு சேர்ந்து சிறுநீர்க் குழாயும் இழுபட்டது, அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்தத் துணியைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. அவள்தான் விடவில்லை, ஏறினா இறங்கணும் இறங்கினா ஏறணும், அவ்வளவுதானே, உங்களுக்குத் தெரியாததா என்று உசுப்பிவிட்டாள். நீளத்தை மாற்ற ஒட்டும் பட்டை வைத்துப் பார்த்தேன், பிரிக்கும்போது வருகிற சர்ரென்ற சத்தத்தில் தூக்கம் கலைந்து பதறினாள், அதையும் பிய்த்தேன். கடைசியில் துணியின் பின்பக்கம் மேலிருந்து கீழாக வரிசையாகச் சின்ன வளையம் தைத்து, வளையத்துக்குள் கயிறு விட்டு, எல்லாக் கயிற்றையும் கால்மாட்டில் ஒன்றாகச் சேர்த்து, முதுகுப் பையின் கயிற்றில் இருக்குமே அழுத்தினால் விடும் பிளாஸ்டிக் பூட்டு, அதைப் போட்டேன். இழுத்தால் ஜன்னல் திரை மாதிரி துணி மடிந்து மேலே போகும், அழுத்தினால் இறங்கும். குழாய் இருக்கும் பக்கம் மட்டும் துண்டை நடுவில் பிளந்து ஒன்றன்மேல் ஒன்று வருகிற மாதிரி விட்டேன், நர்ஸ் கையை நுழைத்துப் பையை மாற்றலாம். முதல் கொக்கியிலிருந்து கடைசிக் கொக்கி வரை மாட்ட இரண்டு நிமிடம், அம்மாவே போனில் நேரம் வைத்துச் சொன்னாள்.

நர்ஸுக்கு அது மிகவும் பிடித்துப்போய், அவள் போகும் மற்ற மூன்று வீடுகளுக்கும் கேட்டாள், தைத்துக் கொடுத்தேன், எந்தக் கட்டிலுக்கும் பொருந்துகிற மாதிரி எலாஸ்டிக்கை இன்னும் கொஞ்சம் தாராளமாக விட்டேன். ஒன்பதாம் நாள் அதில் ஒன்று திரும்பி வந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, கொக்கிகளைத் தனியாக ஒரு கவரில் கட்டி, ரொம்ப உபயோகமாக இருந்தது, வேறு யாருக்காவது ஆகட்டும் என்று நர்ஸிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதைக் கடையில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

இனிதான் என் தப்பு. போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டாய். அதுவரை இரண்டு மாதமாக முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தவள் அன்றைக்கு என்னை எதிர்ச் சுவரோடு போய் நிற்கச் சொல்லி அறை முழுக்கக் காட்டச் சொன்னாள். தலை வாரி, கட்டிலைச் சரியாக இறக்கி, நீலத் துணி தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்க, ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழ, நானே ஒரு கணம் ஏமாந்தேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. ரூம் ஹோட்டல் மாதிரி இருக்கே, அம்மா முகமும் தெளிஞ்சிருச்சு, எனக்கு இப்பதான் உயிரே வந்துச்சு, அப்ப வரதுக்குப் போட்டிருந்த டிக்கெட்ட அடுத்த வருஷ லீவுக்கு மாத்திடறேன், சின்னவளுக்கும் பரீட்சை முடிஞ்சிருக்கும் என்றாய். அம்மா, அதுதான் சரி, அவசரமே இல்ல என்றாள். நான் படம் ஆடாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ வைத்த பிறகு அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், நான் கேட்டதற்கெல்லாம் தூக்கம் வருது என்றாள், தூங்கவில்லை. யாரோ வந்து போகிறவர்கள் கண்ணுக்காகத் தைத்தேன், பாப்பா, உன் கண்ணை மறைத்துவிட்டேன். அரைகுறையாகத் தைத்திருந்தால் அடியில் ஏதாவது ஒன்று உன் கண்ணில் பட்டிருக்கும். இத்தனை வருஷத்தில் பிசிறில்லாமல் செய்த ஒரே வேலை இதுதான்.

டிக்கெட்டை மாற்றியதற்கு உன்னையோ மாப்பிள்ளையையோ நொந்துகொள்ளாதே, சொன்னதை நம்பினீர்கள். வந்தால் தேறிவிடுவாள் என்று நினைத்து வராதே, அந்தக் கணக்கில் நான் கூப்பிடவில்லை. வேறு டாக்டர் யாரிடமாவது காட்டலாமா, அங்கே மருந்து இருக்கிறதா என்று ஆரம்பிக்காதே, நான் ஏற வேண்டிய படியெல்லாம் ஏறி இறங்கிவிட்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் வாசலில் யார் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்குகிறாள். நீ கோபத்தோடு வந்து ஏன் மறைத்தீர்கள் என்று அவளிடம் சண்டை பிடிக்கக் கூடாது, சண்டையை என்னோடு வைத்துக்கொள். குளிருக்குச் சின்னவளுக்குக் காதை மூடி அனுப்பு. நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் வேலை உனக்கு, நடுநடுவில் எழுந்து நட, இடுப்பு வலி என்று போன மாதம் சொன்னதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

இதுவரை கடையில் எழுதினேன். மீதியை வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் மாட்டிக்கொண்டுவிட்டேன். கடைக்குச் சாக்பீஸ் கொண்டுபோற மனுஷனுக்குச் சட்டைப் பையில என் பேனா எதுக்கு என்று கேட்டாள். ஆஸ்பத்திரி மேசையில் இருந்த காலத்திலிருந்து அவள் பேனாவை யார் எடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பூசி மெழுகப் பார்த்தேன், என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன் பாப்பா. அவள் அழவில்லை. எல்லாத்தையும் எழுதிட்டீங்களா என்றாள். ஆமாம் என்றேன். வாளியையுமா என்றாள். ஆமாம் என்றேன். நம்ம பாப்பா உன் மேசைக்கு அடியிலேயே வளர்ந்த பொண்ணு, கீழே இருந்ததெல்லாம் பார்த்தவள் அவள் ஒருத்திதான், அவளிடம் என்ன மறைப்பு என்று கேட்டேன். அப்ப எந்திரிச்சு நடந்தேன் என்றாள். இனி மறைக்க ஒன்றும் இல்லையே, போனிலேயே சொல்லிவிடட்டுமா, சீக்கிரம் தெரியுமே என்றேன். வேண்டாம், போன்ல அவ அழுதா நான் கேக்கணும், எழுத்துலயே படிக்கட்டும், கூரியர்ல நாலே நாள்தானே என்றாள். நாலு நாள் என்பது இப்போது எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவள் பேச்சைக் கேட்கிறேன். நாளைக் காலை கடை திறக்குமுன் அனுப்பிவிடுவேன். கிடைத்ததும் புறப்படு, யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே.

ஒன்று மட்டும் மறக்காமல் எழுதச் சொன்னாள். நர்ஸ் அடியில் இருப்பதையெல்லாம் எடுத்துக் கழுவும் நேரத்தில் பாவாடையைக் கழற்றி வைத்திருப்போம், ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்கவும் போடுகிறோம், நீ எந்த நேரத்தில் வந்து இறங்குவாயோ தெரியாது. அதனால் நேரே மாடிப்படி ஏறி வந்துவிடாதே. தெருமுனை மருந்துக் கடை வாசலில் நின்று ஒரு போன் பண்ணு. ரெண்டு நிமிஷம் போதும்ல உங்களுக்கு என்று என்னைக் கேட்டாள். போதும் என்றேன். நீ போன் பண்ணும்போது, நிற்க வேண்டாம், நேரே மேலே வா என்று நான் சொன்னால், பாவாடை மாட்ட அவசியம் இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம், பெட்டியைக் கீழேயே விட்டுவிட்டு மெதுவாகவே ஏறி வா, அவசரம் ஒன்றும் இருக்காது.

மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், சின்னவள் உன்னைவிடத் தைரியமாக வளர வேண்டும். அம்மா தன் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுத வேண்டாம், நேரில் கொடுத்துக்கொள்கிறேன் என்கிறாள்.

எப்போதும் உன் நினைவோடு,
அப்பா